கரண்டியின் தேய்ந்த பக்கம்

அந்த வீட்டில் எனக்கு வயரிங் வேலை. பூச்சுக்காரர்களுக்கு என்னைக் கண்டாலே ஆகாது. அவர்கள் பாடுபட்டுப் பூசிய சுவரை உளியால் கொத்துகிறவன் நான்தானே! அதனால் வாயை மூடிக்கொண்டு ஒரு மூலையில் பைப் அறுத்துக்கொண்டிருந்தேன். நடந்ததையெல்லாம் பார்த்தேன்.

பூவாயிக்கு நாற்பத்தேழு வயது. பதினெட்டு வருஷம் கலவைச் சட்டி சுமந்து கழுத்தெலும்பு தேய்ந்துபோயிருந்தது. இனித் தலையில் பாரம் ஏற்றினால் கை விளங்காமல் போய்விடும் என்று டாக்டர் சொல்லிவிட்டார். மேஸ்திரி அழகுதுரை அவளைவிடப் பன்னிரண்டு வயது இளையவர். மூன்று மாதமாக அவளுக்குப் பூச்சு வேலை பழக்கிக்கொண்டிருந்தார். அன்றைக்குப் பின்பக்க ரூமில் ஒரு சுவரை முழுசாக அவளிடம் விட்டிருந்தார். நாலு மணிக்கு இன்ஜினியர் வந்து பார்ப்பார். சரி என்றால் இனி அவளுக்குப் பூச்சுக் கரண்டி. இல்லையென்றால் மறுபடி சட்டி.

மணி ரெண்டு. சுவரில் கோடு கோடாக விழுந்துகொண்டிருந்தது.

பூவாயி கரண்டியைக் கழுவித் துடைத்துத் தேய்த்தாள். கோடு. தண்ணீர் தெளித்துத் தேய்த்தாள். இன்னும் ரெண்டு கோடு. ஸ்டூலிலிருந்து இறங்கினாள், ஏறினாள், ஜன்னலில் எட்டி இன்ஜினியர் வண்டி வருகிறதா என்று பார்த்தாள்.

"மேஸ்திரி, நல்ல கரண்டி எப்படி இருக்கும்?"

அழகுதுரை வாசற்படியில் உட்கார்ந்து டீ குடித்துக்கொண்டிருந்தார். "கையில இருக்கறதே தெரியாது."

"விளையாடாதீங்க. நீங்க சொன்னபடிதானே வாங்கினேன்? தகட்டை வளைச்சு விட்டுப் பாத்தேன். கண்ணுக்கு நேரா வெச்சு ஓரம் கோணலான்னு பாத்தேன். பிடி ஆடுதான்னு பாத்தேன். கடைக்காரன் என்னை அடிக்காத குறைதான்."

"அப்ப நல்ல கரண்டிதான்."

"அப்புறம் ஏன் ஏர் உழுவுது?"

அவர் டீயை ஊதினார்.

"உங்க கரண்டியைக் குடுங்க. ஒரே ஒரு தடவை."

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. கொத்தனார்கள் தட்டில் இருக்கிற சோற்றைக் கொடுப்பார்கள், கரண்டியைக் கொடுக்க மாட்டார்கள். ஆனால் அழகுதுரை எடுத்து நீட்டினார்.

அவள் அதைக் கண்ணில் ஒற்றிக்கொண்டு சுவரில் வைத்து இழுத்தாள். முன்னைவிட ஆழமாக உழுதது.

"ஐயோ, உங்க கரண்டியுமா!"

அழகுதுரை டம்ளரை வைத்துவிட்டு எழுந்துவந்தார். அவளுடைய கரண்டியை வாங்கி ஓரத்தைக் கட்டைவிரலால் தடவிப் பார்த்தார். ஒரு பக்கம் மழுங்கி வழவழவென்றிருந்தது.

"வாங்கி ஒரு வாரம் ஆகல. இது எப்படித் தேஞ்சுது?"

பூவாயி தலைகுனிந்தாள். "நான்தான் தேச்சேன்."

"எதுக்கு?"

"பழகின கரண்டிதான் நல்லாப் பூசும்னு எல்லாரும் சொல்றாங்க. எனக்கு எங்க இருக்கு அத்தனை காலம்? உங்க கரண்டியைக் கழுவும்போதெல்லாம் பக்கத்துல வெச்சுப் பாத்துப் பாத்து, அதே மாதிரி அரத்தால ராவினேன். அப்புறம் துவைக்கிற கல்லுல தேச்சேன். நாலு நாளு."

அழகுதுரை அந்தக் கரண்டியோடு சுவருக்குப் போனார். ஒரு முழம் அளவுக்கு இழுத்தார். இருந்த கோடெல்லாம் மறைந்து சுவர் வழுவழுவென்று ஆனது.

"அருமையான கரண்டி, அக்கா. எனக்குன்னே தேச்சிருக்க."

அப்போதுதான் பூவாயி அவருடைய கையைப் பார்த்தாள். நானும் பார்த்தேன். பீச்சாங்கை. அவர் பீச்சாங்கைக்காரர் என்று ஊருக்கே தெரியும். அவருடைய கரண்டி தேய்வதும் அந்தக் கைக்குத் தோதாகத்தானே? சோத்தாங்கையில் பிடித்தால் தேயாத முனை சுவரில் இறங்கத்தான் செய்யும்.

"அடி கூமுட்டை!" என்று தன்னையே திட்டித் தலையில் அடித்துக்கொண்டாள். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. மேஸ்திரி என் பக்கம் திரும்பினார். சிரிப்பை விழுங்கிக்கொண்டேன்.

"பையில வேற இருக்கா?"

"புதுசு ஒண்ணு இருக்கு. முனையெல்லாம் கத்தியாட்டம். அதுவும் கோடு போடும்."

"போடும்."

"எத்தனை நாளைக்கு?"

"எனக்கு மூணு வீடு பூச வேண்டியிருந்துச்சு."

"மூணு வீடா! நாலு மணிக்கு ஆளு வருதே மேஸ்திரி!"

"வரட்டும். கலவை இறுகறதுக்குள்ள பூசு."

பூவாயி புதுக் கரண்டியை எடுத்தாள். முணுமுணுத்துக்கொண்டே பூசினாள். முனை சுவரில் குத்தினால் பிடியைச் சாய்த்தாள், சாய்த்தது போதாதென்றால் மணிக்கட்டைத் திருப்பினாள். கோடு குறைந்தது. போகவில்லை.

இன்ஜினியர் நாலேகாலுக்கு வந்தார். மட்டப்பலகையைச் சுவரில் வைத்துப் பார்த்தார். விரலால் தடவிக்கொண்டே போனவர் அந்த ஒரு முழத்தில் நின்றார்.

"இது பூச்சு! இப்படிப் பூசினா யாரும்மா வேண்டாம்பாங்க?"

அழகுதுரை ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டிருந்தார். 'சும்மா தலையை ஆட்டித் தொலை, உன் கழுத்து பிழைக்கும்' என்று எனக்குள்ளே சொல்லிக்கொண்டேன்.

பூவாயி புடவையில் கையைத் துடைத்தாள். "அது மேஸ்திரி பூசினது சார். மிச்சம் பூரா நான் பூசினது."

இன்ஜினியர் மறுபடியும் சுவரைப் பார்த்தார். "மட்டம் சரியா இருக்கு. மேல் முகம்தான் கரடுமுரடா இருக்கு." கொஞ்சம் யோசித்தார். "மேஸ்திரி, உங்க ஆளு, உங்க பொறுப்பு. நீங்களே முடிவு பண்ணிக்குங்க" என்று வண்டியைக் கிளப்பிக்கொண்டு போய்விட்டார்.

பூவாயி குறுக்கும் நெடுக்கும் நடந்தாள். "வாயை மூடிட்டு இருந்திருக்கலாம். யாரு கேட்டா என்னை? என் வாயி இருக்கே, வாயி!" சட்டென்று நின்றாள். "மேஸ்திரி, நாளைக்கு எனக்குச் சட்டியா, கரண்டியா? இப்பவே சொல்லிடுங்க. தாங்காது எனக்கு."

"சட்டிக்கு வேற ஆள் சொல்லிட்டேன்."

"எப்ப சொன்னீங்க?"

"காலையில."

"காலையிலயா? நான் சுவத்துல கையே வைக்கலியே! கோடு விழும்னு தெரியாதா உங்களுக்கு?"

"தெரியும்," என்றார் அழகுதுரை. "கரண்டியைக் கழுவுக்கா. காயுது."