கலிங்குக்குக் கீழே

"அந்தக் காலத்துல ஏரிக்கரையை எப்படிப் பெரிசாக்கினாங்க? அதை மட்டும் சொல்லிக் கொடுங்கம்மா."

வந்ததும் வராததுமாக நல்லதம்பி கேட்ட கேள்வி இது. ஆம்புலன்ஸ் கூப்பிட ஒரு ஆப் நடத்துகிறவர். பழைய ஏரிகளின் கட்டுமானத்தைப் படித்துத் தன் கம்ப்யூட்டர்களைப் பலப்படுத்தலாம் என்று, ஏரிகளைப் பற்றி நன்கு தெரிந்த உமையாள் அம்மாவிடம் பாடம் கேட்க வருபவர். இருவருக்கும் ஏறக்குறைய ஒரே வயதுதான்.

"நேத்து மழையில ஊரே ஒண்ணாக் கூப்பிட்டுச்சு. ஆப் படுத்துடுச்சு. பிரசவ வலியோட ஒரு பொண்ணு ஆட்டோவுல போயிருக்கா. தாயும் பிள்ளையும் நல்லா இருக்காங்க, சாமி புண்ணியம். எனக்குத்தான் பயம் போகலை. இன்னிக்கும் மழைங்கறாங்க."

"உங்க ஊர்ல வேற யாரும் ஆம்புலன்ஸ் விடறதில்லையா?"

"லாரன்ஸ்னு ஒருத்தன் போட்டிக்கு ஆப் நடத்தறான். அவனுக்கு ஒரு அழைப்பைக்கூட விட மாட்டேன்!"

அம்மா குடையை எடுத்தார். "வாங்க."

ஏரி தளும்பிக்கொண்டிருந்தது. கரையோடு நடந்தார்கள். ஒரு முனையில் தண்ணீர் கல்லைத் தாண்டிக் கொட்டியது.

"ஐயையோ! கரை உடைஞ்சு போச்சும்மா!"

"உடையலை. அதுதான் கலிங்கு. மிச்சத் தண்ணி வழியக் கட்டினவங்களே தாழ்வா விட்ட இடம்."

"தாழ்வாவா? இவ்வளவு தண்ணி வீணாப் போகுதே! அடைச்சா என்ன?"

"அடைங்களேன்." மழைக்காக அடுக்கி வைத்திருந்த மணல் மூட்டைகளைக் காட்டினார்.

மனுஷன் நிஜமாகவே ஒரு மூட்டையைத் தூக்கிவிட்டார். படித்தவருக்கு ரோஷம் அதிகம்.

தூக்கிய பிறகுதான் கரையைப் பார்த்தார். தண்ணீருக்கும் கரை உச்சிக்கும் ஒரு சாண் இடைவெளி. கரைக்கு அந்தப் பக்கம், கீழே, ஊர். டீக்கடையில் யாரோ பஜ்ஜி போட்டுக்கொண்டிருந்தார்கள்.

மூட்டையை மெதுவாகக் கீழே வைத்தார்.

"இந்தத் தண்ணி எங்க போகுது?"

"அடுத்த ஊர் ஏரிக்கு."

"அவங்க உங்களுக்கு வேண்டியவங்களா?"

"சுத்தமா ஆகாது. ஒவ்வொரு திருவிழாவுக்கும் அடிதடிதான். கலிங்கை மட்டும் யாரும் அடைக்க மாட்டாங்க."

நல்லதம்பி போனை எடுத்தார். கை ஈரத்தில் இரண்டு தடவை வழுக்கியது.

"லாரன்ஸ், நான் நல்லதம்பி. வச்சுடாதீங்க. இன்னிக்கு எங்களால எடுக்க முடியாத அழைப்பையெல்லாம் உங்க பக்கம் திருப்பி விடட்டுமா?"

அந்தப் பக்கத்திலிருந்து அம்மாவுக்கே கேட்கும்படி ஒரு பெருமூச்சு.

"அப்பாடா! நேத்து நாங்களும்தாங்க படுத்துட்டோம். வெளியில சொல்ல வெட்கம். தாராளமா விடுங்க. ஆனா எங்களுக்கும் நிரம்பிடுச்சுன்னா?"

நல்லதம்பி திரும்பி அம்மாவைப் பார்த்தார்.

அம்மா குடையை மடக்கிக்கொண்டிருந்தார்.

"அடுத்த ஊர் ஏரிக்கும் ஒரு கலிங்கு உண்டு. அதுக்குக் கீழயும் ஒரு ஏரி இருக்குன்னு சொல்லுங்க."