ஏணியின் நடுவில்

"திங்கட்கிழமைக்குள்ளே ஷீ வில் பேக் டவுன், சார்."

பனியன் கம்பெனி மேனேஜர் போனில் சொன்னது, கதவுக்கு வெளியே நின்ற தெய்வாத்தாளின் காதில் விழுந்தது. 'ஷீ' தன்னைத்தான் என்று புரிந்தது. மற்றது புரியவில்லை.

அவள் தைக்கிற வரிசையில் அத்தனை பெண்களுக்கும் கழிப்பறைக்குப் போக ஒரே ஒரு மரக்கட்டை டோக்கன். அது ஆணியில் தொங்கினால்தான் ஒருத்தி எழுந்து போகலாம். போன வாரம் செவ்வந்தி, பிள்ளைத்தாய்ச்சி, டோக்கனுக்காக அடக்கிக்கொண்டு உட்கார்ந்திருந்து மிஷின் மேலேயே மயங்கிச் சரிந்தாள். டோக்கனே கூடாதென்று தெய்வாத்தாள் புகார் கொடுத்தாள். புகாரை வாபஸ் வாங்கு, இல்லையென்றால் வேலை இல்லை என்றார் மேனேஜர்.

அன்று சாயங்காலம் நேரே ரோஸ்லினிடம் போனாள். மொட்டைமாடிக் கொட்டகையில் இங்கிலீஷ் சொல்லித்தருகிற ரோஸ்லினுக்கு தெய்வாத்தாளின் மகள் வயதுதான். ஆனாலும் 'மிஸ்' என்றுதான் கூப்பிடுவாள்.

"பேக் டவுன்னா என்னங்க மிஸ்?"

ரோஸ்லின் தண்ணீர்த் தொட்டியில் சாய்த்திருந்த மூங்கில் ஏணியைக் காட்டினாள்.

"ஏறுங்கக்கா."

"இந்த வயசுலயா? விழுந்தா நீங்கதான் கஞ்சி ஊத்தோணும்."

"ஊத்தறேன். ஏறுங்க."

சேலையைச் செருகிக்கொண்டு ஏறினாள். உச்சிக்குப் போனதும் கம்பெனியின் தகரக் கூரை தெரிந்தது.

"இப்ப இறங்குங்க."

ஏணியைப் பார்த்தபடியே, பின்பக்கமாகக் கால் துழாவி இறங்கினாள்.

"நில்லுங்க. இதுதான் பேக் டவுன். ஏறினவங்க இப்படிப் பின்னாலயே இறங்குறதுலருந்து வந்த சொல்லுன்னு சொல்வாங்க. அப்புறம், அடிச்சுப் பேசின பேச்சுலருந்து ஒருத்தர் பின்வாங்கினாலும் அதையே சொன்னாங்க."

தெய்வாத்தாள் ஏணியின் நடுவில் அப்படியே நின்றாள்.

"அந்தாளு என்னையத்தான் சொல்லியிருக்கான்."

நின்ற இடத்திலிருந்தே எல்லாவற்றையும் சொல்லி முடித்தாள்.

"வேலை போச்சுன்னா வீட்டு வாடகைக்கு எங்க போறதுங்க மிஸ்? நீங்களே சொல்லுங்க, நான் இறங்கோணுமா?"

"எனக்குத் தெரிஞ்சது இங்கிலீஷ்தான்க்கா."

"நல்லா நழுவறீங்க!"

ரோஸ்லின் ஏணியின் அடியை இரண்டு கையாலும் அழுத்திப் பிடித்துக்கொண்டாள்.

"அது அவர் சொன்ன வாக்கியம். உங்க வாக்கியத்தை நீங்கதான் சொல்லோணும்."

திங்கட்கிழமை காலையில் மேனேஜர் ஒரு தாளையும் பேனாவையும் அவள் மிஷின் மேல் வைத்தார்.

"கையெழுத்துப் போடு, தெய்வா. வீம்பு சோறு போடாது."

வரிசை முழுக்கத் தையல் சத்தம் நின்றுபோனது.

தெய்வாத்தாள் எழுந்தாள். பேனாவைத் தொடவில்லை. ஆணியில் தொங்கிய டோக்கனையும் தொடாமல் அதைத் தாண்டி, கழிப்பறைப் பக்கம் நடந்தாள்.

"ஏய், டோக்கன்!" என்று கத்தினார் மேனேஜர்.

செவ்வந்தி வயிற்றைப் பிடித்தபடி எழுந்து அவள் பின்னாலேயே போனாள்.