முதுகு காட்டாமல் இறங்கியவர்

“நாலு பேர் வாயிலிருந்து தப்புவதற்கு ஒரு வழி சொல்லுங்கள், அம்மா” என்று கேட்டார் தில்லைநாயகம்.

கேட்டவருக்கு வயது அறுபத்து மூன்று. நில அளவைத் துறையில் முப்பத்து நான்கு ஆண்டுகள் உழைத்து ஓய்வு பெற்றவர். கேட்கப்பட்டவருக்கோ நாற்பத்தொன்று. வேங்கைமலையின் அடிவாரத்தில், ஓடு வேய்ந்த இரண்டே அறைகளில் வாழ்ந்துவந்த சொக்கம்மை, முன்னாளில் மருத்துவமனைச் செவிலியாக இருந்தவர். அவர் இருக்குமிடத்தை மடம் என்று மற்றவர்கள் சொல்வார்கள், அவர் சொல்வதில்லை. மூத்தவரான சீடர் குருவை ‘அம்மா’ என்பார். இளையவரான குரு சீடரை ‘ஐயா’ என்பார். ஆறு ஆண்டுகளாக அப்படித்தான்.

சொக்கம்மை கீரை ஆய்ந்துகொண்டிருந்தார்.

“எந்த நாலு பேர், ஐயா?”

“எங்கள் தெருவில் இருப்பவர்கள்தாம். வேறு யார்?”

“என்ன சொன்னார்கள்?”

“இன்னும் ஒன்றும் சொல்லவில்லை. சொல்வார்கள்.”

தில்லைநாயகம் தொண்டையைச் செருமிக்கொண்டார். அவருடைய ஒரே மகள் பூங்கோதைக்கு நாளைக் காலை பத்தரை மணிக்குக் கரூரில் பதிவுத் திருமணம்.

“பையன் எப்படி?”

“குறை சொல்ல ஒன்றுமில்லை, அம்மா. இரண்டு முறை வீட்டுக்கு வந்திருக்கிறான். எனக்குப் பிடித்துத்தான் இருந்தது. வேறு சாதி. அவ்வளவுதான்.”

“மகள் என்ன கேட்கிறாள்?”

“நகை வேண்டாம், விருந்து வேண்டாம், சாட்சியாக ஒரு கையெழுத்துப் போடுங்கள் அப்பா, போதும் என்கிறாள். வருவேனா மாட்டேனா என்று இன்றைக்குள் சொல்லியாக வேண்டும். தாயில்லாத பெண். நான் போகாவிட்டால் அவள் பக்கத்தில் நிற்க ஒருவரும் இல்லை. போனால் தெருவில் நான் தலைநிமிர்ந்து நடக்க முடியாது.”

சொக்கம்மை ஆய்ந்த கீரையை ஒரு தட்டால் மூடினார்.

“மலைக்குப் போய் வருவோமா, ஐயா?”

“இப்போதா? என் முழங்கால்…”

“மெதுவாகப் போவோம்.”

அன்று கார்த்திகை நாளாதலால் படிகளில் கூட்டம் இருந்தது. ஏறுவது தில்லைநாயகத்துக்கு அவ்வளவு துன்பமாக இல்லை, மூச்சுத்தான் வாங்கியது. பாதி வழியில் இருந்த கல் மண்டபத்தில் உட்கார்ந்து துண்டால் விசிறிக்கொண்டார். அவரைத் தாண்டிப் போன இளைஞர்களில் ஒருவன் நின்றான்.

“பெரியவரே, வயித்தக் கீழ வச்சுட்டு வந்திருக்கலாமில்ல?”

கூட்டாளிகள் கைகொட்டிச் சிரித்தார்கள். சிரிப்பு ஓய்வதற்குள், மனைவியோடு பக்கத்தில் இளைப்பாறிக்கொண்டிருந்த ஒருவர் குடையை ஊன்றிக்கொண்டு நெருங்கி வந்தார்.

“ஏனுங்க, இந்தம்மா யாருங்க? மகளுங்களா?”

“இல்லை.”

“மருமகளுங்களா?”

“இல்லை. என் குரு.”

“குருவா!” குடைக்காரர் இருவரையும் மேலும் கீழும் பார்த்துவிட்டு மனைவியிடம் திரும்பினார். “கேட்டியா? குருவாமா! வூட்டுக்காரம்மாவ வூட்லயே உட்டுட்டு வந்துட்டாராட்ட இருக்குது.”

“சும்மா வாங்க. நமக்கெதுக்கு ஊர் வம்பு?” என்ற அந்த அம்மாள், போகும்போது இரண்டு முறை திரும்பிப் பார்த்தாள்.

தில்லைநாயகத்துக்குக் காதுமடல் சுட்டது. எழுந்தார். முழங்காலை மறந்து பத்துப் படிகள் விரைந்தேறிக் குடைக்காரரை மறித்தார்.

“ஐயா, நில்லுங்கள். என் மனைவி இறந்து ஒன்பது ஆண்டுகள் ஆகின்றன. நான் யார் என்று உங்களுக்குத் தெரியாது. சர்வேயர் தில்லைநாயகம் என்று எங்கள் ஊரில் விசாரித்துப் பாருங்கள்.”

“நான் கேட்டனுங்களா?” என்றார் அவர். குடையை விரித்துக்கொண்டு போய்விட்டார்.

திரும்பி வந்தபோது சொக்கம்மை ஒரு கொய்யாவைப் பிட்டு உப்புத் தொட்டுத் தின்றுகொண்டிருந்தார்.

“நன்றாகப் பழுத்திருக்கிறது, ஐயா. ஒரு துண்டு?”

“உங்களுக்குக் கோபமே வரவில்லையா, அம்மா?”

“வந்தது.”

“பிறகு?”

“கொய்யா வாங்கினேன்.”

மீதிப் படிகளை ஏறி முடிக்கும்வரை தில்லைநாயகம் அந்த மனிதருக்குச் சொல்லியிருக்க வேண்டிய பதில்களை ஒன்றன்பின் ஒன்றாக மனத்துக்குள் அமைத்துக்கொண்டே வந்தார். முருகன் சந்நிதியில் தீபம் காட்டிய நேரத்திலும் அவர் கண்கள் கூட்டத்தில் அந்தக் குடையைத்தான் தேடின.

இறங்கத் தொடங்கியதும் முழங்கால் தன் குணத்தைக் காட்டியது. ஒவ்வொரு படிக்கும் உள்ளே ஒரு கூர் ஊசி இறங்கியது. பன்னிரண்டாவது படியில் அவர் நின்றுவிட்டார்.

“திரும்பிக்கொள்ளுங்கள், ஐயா.”

“எந்தப் பக்கம்?”

“மலையைப் பார்த்து. கம்பியைப் பிடித்துக்கொண்டு பின்பக்கமாக இறங்குங்கள். மூட்டுத் தேய்ந்தவர்களுக்கு இது கொஞ்சம் எளிது. நான் கீழே நின்று படி சொல்கிறேன்.”

அப்படியே செய்தார். ஊசி பாதியாகக் குறைந்தது. இருபது படிகள்கூட இறங்கியிருக்கமாட்டார். காலையில் பார்த்த இளைஞர்கள் மேலிருந்து தடதடவென்று ஓடிவந்தார்கள்.

“டேய், அங்க பார்றா! பெருசு ரிவர்ஸ்ல போகுது!”

“ஹாரன் அடிச்சுட்டுப் போங்க, தாத்தா!”

தில்லைநாயகம் சட்டென்று முன்பக்கமாகத் திரும்பினார். இரண்டு படிகள் இறங்கினார். மூன்றாவதில் பல்லைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார்.

“அம்மா, இத்தனை பேர் நடுவில் அப்படி இறங்குவதற்கு எனக்குக் கூச்சமாக இருக்கிறது.”

“வலி யாருக்கு, ஐயா?”

“எனக்குத்தான்.”

சொக்கம்மை கீழ்ப்படியில் கிடந்த கூழாங்கல்லைக் காலால் ஓரமாகத் தள்ளினார். தில்லைநாயகம் பெருமூச்சு விட்டு எழுந்து, மறுபடியும் மலையைப் பார்த்துத் திரும்பிக்கொண்டார்.

மண்டபத்தை நெருங்கும்போது கீழிருந்து ஒரு குடும்பம் ஏறி வந்தது. முன்னால் வந்த மஞ்சள் சேலை அம்மாள் அவரைக் கண்டதும் நின்றுவிட்டாள்.

“ஏ புள்ளைங்களா, இங்க வாங்க! இந்தப் பெரியவரப் பாருங்க. முருகனுக்கு முதுகு காட்டாம இறங்குறாரு!” அவள் கைகள் தலைக்குமேல் குவிந்தன. “எத்தன வருசமாச் சாமி இந்த வேண்டுதலு?”

தில்லைநாயகம் தோளுக்கு மேலாகச் சொக்கம்மையைப் பார்த்தார். சொக்கம்மை அடுத்த படியைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

“அது… ஆகிறது, தாயே.”

“ரொம்ப வருசமா?”

அவர் கண்களை மூடித் தலையை அசைத்தார்.

“பார்த்துக்கிட்டு நிக்கிறீங்களே, காலத் தொட்டுக் கும்பிடுங்கடி!”

அவளுடைய மருமகள்கள் மூவரும் குனிந்து அவர் கால்களைத் தொட்டார்கள். அவர் மடியிலிருந்த திருநீற்றுப் பொட்டலத்தைப் பிரித்து ஒவ்வொரு நெற்றியிலும் பூசினார். மூன்றாவது நெற்றியில் பூசி நிமிர்ந்தபோது, மேலே நான்கு படிகள் தள்ளிக் குடைக்காரரும் அவர் மனைவியும் நின்றிருந்தார்கள். குடை மடங்கிக் கக்கத்தில் இருந்தது.

“மன்னிச்சுக்கோணுமுங்க, சாமி. காத்தால தெரியாமப் பேசிப்போட்டனுங்க.”

“பரவாயில்லை, பரவாயில்லை” என்றார் தில்லைநாயகம். எவ்வளவு தேடியும் கிடைக்காதிருந்த பதில், அந்த ஒற்றைச் சொல்லில் அவருக்குக் கிடைத்துவிட்டாற்போல் இருந்தது.

அதன் பிறகு அவர் இறங்கிய அழகே வேறு. ஒரு கை கம்பியில் இருக்க, மறு கையை மார்பில் பதித்துக்கொண்டார். உதடுகள் அசையத் தொடங்கின. முதுகு நிமிர்ந்தது. குடைக்காரரும் மனைவியும் முந்திச் செல்ல மனமில்லாமல், அவர் முகத்தைத் தரிசித்தபடி பின்தொடர்ந்தார்கள். ஏறிவந்தவர்களுக்கு அவர்களே விவரம் சொன்னார்கள். ஒதுங்கி வழிவிட்டவர்கள் கும்பிட்டார்கள். சொக்கம்மை மட்டும் ஒரே குரலில், “படி… படி… இங்கே சற்று உயரம்… படி” என்று சொல்லிக்கொண்டு முன்னே போனார்.

படிகள் முடிந்தன. அங்கிருந்து சாலைவரைக்கும் புளியமரங்களுக்கு நடுவே சமமான மண்பாதை. சொக்கம்மை படி சொல்வதை நிறுத்தினார். தில்லைநாயகம் பின்பக்கமாக நடப்பதை நிறுத்தவில்லை.

சிறிது தூரம் போயிருப்பார். மரத்தடியில் மோர் விற்றுக்கொண்டிருந்தவள் அலறினாள்.

“யோவ், யோவ்! கண்ணு இருக்கிற பக்கமா நடய்யா! பானைய ஒடச்சுப்புடுவ போல இருக்கே!”

“ஏம்மா, மருவாதையாப் பேசு. பெரியவரு வேண்டுதலுல போறாரு” என்று குடைக்காரர் அதட்டினார்.

“சாமிக்கு வேண்டுதலு, சரி. என் பானை மேல என்னய்யா வேண்டுதலு?” என்று அவள் பானையைத் தன் பக்கம் இழுத்து அணைத்துக்கொண்டாள்.

தில்லைநாயகம் சற்றே விலகி, மீண்டும் பின்பக்கமாகவே நடந்தார். இப்போது சொக்கம்மை அவர் பக்கத்தில் வந்து சேர்ந்துகொண்டார்.

“முழங்கால் வலிக்கிறதா, ஐயா?”

“இல்லை, அம்மா. சமதரையில் வலி இல்லை.”

சொன்ன பிறகுதான் என்ன சொன்னோம் என்பது அவருக்கு உறைத்தது. குரலைத் தாழ்த்திக்கொண்டார்.

“அவர்கள் பார்த்துக்கொண்டே வருகிறார்கள், அம்மா. பேருந்து நிறுத்தம்வரை இப்படியே போய்விடுகிறேன்.”

“சரி, ஐயா.”

அந்த நேரத்தில் அவருடைய சட்டைப் பையில் கைப்பேசி ஒலித்தது. எடுத்துப் பார்த்தார். கட்டைவிரல் திரைக்கு அருகே போயிற்று. எதிரே குடைக்காரர் கைகட்டியபடி வந்தார். அவர் மனைவி முந்தானையால் தோளை மூடிக்கொண்டு, சாமி என்ன செய்யப்போகிறார் என்று பார்த்துக்கொண்டிருந்தாள். தில்லைநாயகம் கைப்பேசியை மெல்லப் பைக்குள் இட்டு, கையை மறுபடியும் மார்பில் வைத்துக்கொண்டார். அந்தக் கைக்கு அடியில் அது இன்னும் சிறிது நேரம் அடித்து ஓய்ந்தது.

“யார், ஐயா?”

“பூங்கோதை.”

“கரூரிலிருந்தா?”

“ஆமாம், அம்மா.”

“கரூர் இங்கிருந்து எந்தப் பக்கம்?”

திசை சொல்வதற்குத் தில்லைநாயகம் யோசிக்க வேண்டியதில்லை. முப்பத்து நான்கு ஆண்டுத் தொழில் அது. நடையை நிறுத்தாமலே கையை உயர்த்தித் தம் தோளுக்குப் பின்னால் காட்டினார்.

காட்டிய கை அப்படியே நின்றுவிட்டது. கால்களும் நின்றன.

“முருகனுக்குக் காட்டவில்லை, சரி” என்றார் சொக்கம்மை. “அந்த முதுகை இப்போது யாருக்குக் காட்டிக்கொண்டிருக்கிறீர்கள், ஐயா?”

கும்பிட்டவர்கள் பார்த்துக்கொண்டிருக்கும்போதே தில்லைநாயகம் கரூர்ப் பக்கமாகத் திரும்பினார்.