எண்ணெய் தேய்த்துக் குளித்த வில்

ஒரு காட்டில், குழந்தைகளே, பிடில் வாசிக்கும் குரங்கு ஒருவன் இருந்தான். பெயர் மினுக்கன். வாசிப்பில் கெட்டிக்காரன்தான். ஆனால் குளத்தைக் கண்டால் போதும், முகம் பார்க்க உட்கார்ந்துவிடுவான்.

புலிராஜாவின் கல்யாணத்தில் வாசிக்க அவனுக்கு அழைப்பு வந்தது. உடனே மரங்கொத்தியிடம் ஓடிப் புது வில் கேட்டான்.

அந்தக் காலத்துப் பிடில் வில் வேடன் வில்லைப் போல வெளிப்பக்கம் வளைந்திருக்கும். மரங்கொத்தியோ குச்சியை அனலில் காட்டிக் காட்டி, முடி கட்டும் பக்கமாகவே வளைத்தது. குதிரையைக் கெஞ்சி வால்முடி வாங்கி, இழுத்துக் கட்டியது. அதன்மேல் குங்கிலியம் என்கிற மரப்பிசினைத் தேய்த்துக் கொடுத்தது.

மினுக்கன் வாசித்துப் பார்த்தான். அடேயப்பா, முயல்கள் எல்லாம் குட்டிக்கரணம் போட்டன! ஆனால் வில்லிலிருந்து வெள்ளைப் பொடி உதிர்ந்து அவனுடைய புதுக் கறுப்புச் சட்டையில் விழுந்தது.

“சீ, புது வில்லில் இவ்வளவு தூசியா!” என்றான். யாரையும் ஒரு வார்த்தை கேட்கவில்லை. வில்லின் முடிக்குச் சீயக்காய் போட்டுக் குளிப்பாட்டி, தேங்காய் எண்ணெய் தடவி, வழுவழுவென்று சீவியும் விட்டான்.

முகூர்த்த நேரம் வந்தது. புலிராஜா தாலியைக் கையில் எடுத்து, “ம், வாசி!” என்றார். மினுக்கன் வில்லை இழுத்தான். சத்தமே இல்லை. மறுபடி இழுத்தான். வில் வழுக்கிக்கொண்டு போய்ப் பக்கத்திலிருந்த நரியின் மூக்கில் இடித்தது.

“வாத்தியம் இல்லாமல் நான் தாலி கட்ட மாட்டேன்” என்று உறுமினார் புலிராஜா. “நீ வாசிக்காவிட்டால் இன்றைய பந்தியில் உனக்கும் இடம் உண்டு. இலைக்கு முன்னால் இல்லை, இலையில்!”

“அண்ணே, காப்பாற்று!” என்று மினுக்கன் கல்யாணத்துக்கு வந்திருந்த மரங்கொத்தியின் காலில் விழுந்தான்.

மரங்கொத்தி வில்லை முகர்ந்து பார்த்தது. “அட மடையா! குங்கிலியப் பொடி பிடித்து இழுத்தால்தானே கம்பி பாடும்? எண்ணெய் ஏறிய முடியில் இனிப் பொடி ஒட்டாது. வேறு முடிதான் கட்ட வேண்டும்.”

எல்லோரும் பந்தலில் நின்ற குதிரையைப் பார்த்தார்கள்.

“ஐயோ, மறுபடியுமா!” என்று குதிரை பந்தலைச் சுற்றி ஓட்டம் பிடித்தது. மினுக்கன் பின்னாலேயே ஓடினான். “அக்கா, உன் வால்முடி திரும்ப வளரும். என் தலை வளராதே!”

குதிரைக்குச் சிரிப்பு வந்துவிட்டது. சிரித்துக்கொண்டே நின்று வாலைக் காட்டியது. மரங்கொத்தி மளமளவென்று முடியைக் கட்டிக் குங்கிலியத்தைத் தேய்த்தது.

மினுக்கன் வாசித்தான்! தாலி ஏறியது, யானைகள் ஆடின, பந்தலே குலுங்கியது. பொடி உதிர்ந்து சட்டையெல்லாம் வெள்ளை. ஐயோ பாவம் என்று ஒரு முயல் துண்டோடு துடைக்க வந்தது.

“வில் பக்கம் மட்டும் போய்விடாதே!” என்று அலறினான் மினுக்கன். “என் உயிரே அந்தப் பொடியில்தான் இருக்கிறது!”

நீதி: எதற்காக இருக்கிறது என்று தெரியாத ஒன்றை அழுக்கென்று நினைத்துத் துடைத்துவிடாதே.