பன்னிரண்டு மின்மினிகள்

குளக்கரை ஈச்ச மரத்தில் ஒரு தூக்கணாங்குருவியும் அவன் பெண்டாட்டியும் கூடு கட்டிக் குடியிருந்தார்கள். மூன்று குஞ்சுகள் பொரித்திருந்தன. பொழுது சாய்ந்தால் கூட்டுக்குள் கும்மிருட்டு. எந்த வாய் தின்றது, எந்த வாய் பட்டினி என்று தாய்க்குத் தெரியவில்லை. கடைக்குட்டி நாளுக்கு நாள் இளைத்துக்கொண்டே வந்தது.

"களிமண்ணில் ஒட்டிவைக்க ஒரு மின்மினி கொண்டுவாருங்கள். மூன்று வாயும் தெரிந்தால் போதும்" என்றாள்.

ஒன்றா! குருவிக்குக் கௌரவக் குறைச்சலாக இருந்தது. எதிர்க்கிளைக் கூட்டிலேயே மூன்று மின்னுகிறது. விவரம் தெரிந்தவரைக் கேட்போம் என்று பாழ்மண்டபத்து வௌவாலிடம் போனான். இருட்டிலேயே பிறந்து இருட்டிலேயே தொங்குகிறவரிடம் விளக்குக்கு யோசனை! அவன் புத்தி அப்படி.

வௌவால் தலைகீழாகத் தொங்கியபடியே கணக்குப் போட்டது. அந்த மண்டபத்தில் ஒரு காலத்தில் தூணுக்கு ஒரு விளக்கு எரிந்ததாம். குருவிக் கூட்டுக்கு ஏது தூண்? கூடு தொங்குவதே நாரில். வௌவால் சளைக்கவில்லை.

"அப்படியானால் நாருக்கு ஒன்று வை."

குருவி கூட்டுக்குத் திரும்பி எண்ணிப் பார்த்தான். பன்னிரண்டு நார் இருந்தது.

கூடு எத்தனை அகலம், உள்ளே என்ன வேலை என்று யோசனை சொன்னவர் ஒரு வார்த்தை கேட்டாரா என்றாள் பெண்டாட்டி. அவன் காதில் போட்டுக்கொள்ளவில்லை. உள்ளே ஏழு, வாசல் குழலில் ஐந்து என்று ஒட்டிவிட்டு, எதிர்க்கிளையில் போய் உட்கார்ந்து பார்த்தான். சந்தோஷத்தில் தலைகால் புரியவில்லை. உள்ளே கண் கூசிக் குஞ்சுகள் தூங்காமல் அழுதது அங்கே கேட்கவில்லை.

வாசலில் இருப்பதையாவது எடுத்துவிடச் சொல்லிக் கெஞ்சினாள்.

"ஊர் பார்க்க வேண்டாமா?" என்றான்.

ஊர் பார்த்தது. கொம்பேறிமூக்கன் என்ற மரப்பாம்பும் பார்த்தது. பகலில் மயிலுக்குப் பயந்து அது வெளியே வராது. இருட்டில் வந்தாலோ வாசல் தெரியாமல் கூட்டைத் தடவித் தடவித் திரும்பிப் போகும். இப்படியே மூன்று மழைக்காலம் கழிந்திருந்தது.

மறுநாள் அந்தி இருட்டியபின் இரையோடு இருவரும் திரும்பியபோது, பாம்பு மரத்தைவிட்டு இறங்கிக்கொண்டிருந்தது. அதன் வயிறு புடைத்திருந்தது.

"இன்று உங்கள் வாசலைத் தேடவே வேண்டியிருக்கவில்லை" என்று நன்றியோடு சொல்லிவிட்டுப் போனது.

குருவி வெளியே தலையில் அடித்துக்கொண்டு அழுதான். அவள் அழவில்லை. உள்ளே போய்க் களிமண்ணைக் கொத்திக் கொத்தி மின்மினிகளை ஒவ்வொன்றாக விடுவித்தாள். கடைசி மின்மினிக்கு மனசு கேட்கவில்லை.

"நான் ஒருத்தியாவது இருக்கட்டுமா? நீ முதலில் ஒன்றுதானே கேட்டாய்?"

"இனி யார் வாயைப் பார்க்க?" என்றாள் அவள்.

உள்ளே இருப்பவர்களின் தேவையைக் கேட்காமல் ஊர் பார்க்க விளக்கு வைப்பவன், எமனுக்குத்தான் வழி காட்டுகிறான்.