இசக்கியம்மாள் கொண்டுவந்த செம்பு

எங்கள் சந்தையில் மூட்டை தூக்குகிறவர்கள் இருபத்திரண்டு பேர். எல்லோரும் முதலுதவி படிக்க வேண்டும் என்று சங்கத்தில் சொன்னபோது முதலில் முணுமுணுத்தவன் நான்தான். ஞாயிற்றுக்கிழமை மத்தியானம்தான் மனுசன் காலை நீட்டுகிற நேரம். அதையும் பிடுங்கிக்கொண்டார்களே என்று எரிச்சலாக இருந்தது.

சொல்லிக்கொடுக்க வந்தவர் கிருபாவதி சிஸ்டர். ஆரம்ப சுகாதார நிலையத்தில் நர்ஸ். முப்பது வயது இருக்கும், எங்களில் பாதிப் பேருக்கு மகள் வயது. மைக் கேட்கவில்லை, போர்டு கேட்கவில்லை. ஒரு பழைய சட்டை, ஒரு பேண்ட், ஒரு சாக்கு உமி கேட்டார். உமியை அடைத்துத் தைத்ததும் ஒரு ஆள் தயாராகிவிட்டான். நாங்கள் அவனுக்கு மாப்பிள்ளை என்று பேர் வைத்தோம்.

மாப்பிள்ளையை வெங்காய குடோன் தரையில் மல்லாக்கப் படுக்க வைத்தார்.

"இவருக்கு நினைவு இல்ல. மூச்சு இருக்கு. என்ன செய்வீங்க?"

"சோடாவை உடைச்சு முகத்துல தெளிப்போம். வாயில ரெண்டு மடக்கு விடுவோம்," என்றேன்.

"வாயில எதுவும் விடக் கூடாது. நினைவு இல்லாதவருக்கு விழுங்கத் தெரியாது. தண்ணி மூச்சுக்குழாய்க்குள்ள போயிரும்."

"போனா?"

கேட்டது பேச்சிமுத்து அண்ணாச்சி, எங்கள் மேஸ்திரி. அதுவரை கடைசியில் உட்கார்ந்து பற்றவைக்காத பீடியைக் கையில் உருட்டிக்கொண்டிருந்தவர்.

"போனா மூச்சு அடைக்கும். உயிரே போகலாம்."

அண்ணாச்சி எழுந்து வெளியே போனார். சிஸ்டருக்கு ஒன்றும் புரியவில்லை. எங்களுக்குப் புரிந்தது.

மூன்று வருடத்துக்கு முன்னால் அண்ணாச்சியின் தம்பி அருணாசலம் லாரி மேலிருந்து விழுந்தான். தலையில் அடி. பேச்சு மூச்சு இல்லை. அண்ணாச்சி அவனைத் தூக்கி மடியில் சாய்த்து வாயில் தண்ணீர் விட்டார். அவன் ஒருமுறை இருமினான். ஆஸ்பத்திரி போகிற வழியில் போய்விட்டான். துட்டிக்கு, துக்கம் கேட்க வந்தவர்கள் எல்லோரும் ஒரே வார்த்தையைத்தான் சொன்னார்கள். அழாத பேச்சிமுத்து, உன் கையால ஒரு வாய் தண்ணி குடிச்சுட்டுத்தானே போயிருக்கான். அந்த ஒரு வார்த்தையைப் பிடித்துக்கொண்டுதான் மனுசன் மூன்று வருடம் ஓட்டினார்.

அன்று சாயங்காலம் சிஸ்டர் கிளம்பும்போது நான் விசயத்தைச் சொன்னேன். அவர் பையைத் தோளில் மாட்டியபடி கொஞ்ச நேரம் நின்றார். பிறகு பஸ் ஏறினார்.

அடுத்த ஞாயிறு அண்ணாச்சி எல்லோருக்கும் முன்னால் வந்து உட்கார்ந்திருந்தார்.

"சிஸ்டர், ஒண்ணு கேக்கணும்."

"கேளுங்க அண்ணாச்சி."

"என் தம்பியை நான்தான் கொன்னுட்டேனா?"

சிஸ்டர் அவர் முகத்தைப் பார்த்தார்.

"மாப்பிள்ளையைத் திருப்புங்க," என்றார்.

எனக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. கேட்டவர் உடைந்துபோய் இருக்கிறார், இந்தப் பொண்ணுக்கு உமிப் பொம்மைதான் பெருசா? அண்ணாச்சி கோபப்படவில்லை. போய் மாப்பிள்ளையின் தலைமாட்டில் முட்டி போட்டார்.

"விழுந்த ஆளைக் கண்டபடி அசைக்கக் கூடாது," என்றார் சிஸ்டர். "கழுத்து உடைஞ்சிருக்கலாம். அப்படியே விட்டுட்டு ஆம்புலன்சைக் கூப்பிடுங்க. ஆனா வாயில ரத்தமோ வாந்தியோ வந்து மூச்சை அடைச்சா, ஒரு பக்கமா சாய்ச்சுத் திருப்பித்தான் ஆகணும். ஒருத்தர் தலையைப் பிடிக்கணும். மூணு பேர் தோள், இடுப்பு, கால். தலையும் முதுகும் ஒரே கட்டையா வரணும்."

அது எங்களுக்குச் சிரமமாக இல்லை. நூறு கிலோ மூட்டையை நாலு பேர் ஒரே குரலுக்குத் தூக்கிப் பழகியவர்கள் நாங்கள். அண்ணாச்சி "ம்" என்றால் நாலு தோளும் ஒன்றாக எழும்பும். மாப்பிள்ளையும் அப்படித்தான் திரும்பினான்.

"மறுபடியும்," என்றார் சிஸ்டர்.

ஒவ்வொரு ஞாயிறும் அண்ணாச்சி அதே கேள்வியைக் கேட்டார். ஒவ்வொரு ஞாயிறும் சிஸ்டர், "மாப்பிள்ளையைத் திருப்புங்க," என்றார். ஐந்து வாரம் இப்படியே போனது. மாப்பிள்ளைக்குத் தையல் விட்டு உமி கொட்டியது, மறுபடி தைத்தோம்.

ஆறாவது வாரம், வியாழக்கிழமை காலை. ஏலம் முடிந்து லோடு ஏறுகிற நேரம். கடற்கரை என்கிற டிரைவர் லாரி மேலே நின்று தார்ப்பாயை இழுத்துக் கட்டிக்கொண்டிருந்தான். கயிறு அறுந்தது. அவன் மல்லாக்க வந்து தரையில் விழுந்தான்.

அருணாசலம் விழுந்ததும் அந்த இடத்துக்குப் பக்கத்தில்தான்.

கூட்டம் கூடிவிட்டது. தூக்கு, ஆட்டோவைக் கூப்பிடு, உட்கார வை என்று ஆளுக்கொன்று கத்தினார்கள். அண்ணாச்சி உள்ளே புகுந்தார்.

"எவனும் தொடக் கூடாது. சுடலை, நூத்தெட்டுக்குப் போன் போடு."

நான் போன் போட்டேன். கடற்கரைக்கு நினைவு இல்லை. மூச்சு இருந்தது, ஆனால் தொண்டையில் கொரகொரவென்று சத்தம். வாயில் ரத்தமும் காலையில் தின்றதும் நிறைந்து கடைவாயில் வழிந்தது.

அண்ணாச்சி தலைமாட்டில் முட்டி போட்டு, இரண்டு கையாலும் தலையைப் பிடித்தார். மூன்று பேர் தோள், இடுப்பு, கால் பிடித்தோம். அண்ணாச்சி "ம்" என்றார். கடற்கரை ஒரே கட்டையாகத் திரும்பினான். வாயில் இருந்ததெல்லாம் தரையில் கொட்டியது. கொரகொரப்பு நின்று மூச்சு சீராக வந்தது.

அப்போதுதான் டீக்கடை இசக்கியம்மாள் செம்பில் தண்ணீரோடு ஓடிவந்தாள். கண்ணெல்லாம் நீர்.

"தவிச்ச வாய்க்கு ஒரு சொட்டுத் தண்ணி விடாம சுத்தி நின்னு பாக்கியளே, நீங்கல்லாம் மனுசங்களா?"

"வேண்டாம் தாயி," என்றார் அண்ணாச்சி.

"ஏன் அண்ணாச்சி? உங்க தம்பிக்கு உங்க கையால ஒரு வாய் கெடச்சுதே. இவனும் ஒருத்தி பெத்த பிள்ளைதான?"

கூட்டத்தில் சிலர் ஆமா, ஆமா என்றார்கள். அண்ணாச்சி கடற்கரையின் தலையிலிருந்து கையை எடுக்கவில்லை. கை ஆடவும் இல்லை. குரல்தான் ஆடியது.

"குடுத்தேன் தாயி. அதனாலதான் சொல்லுதேன். வேண்டாம்."

இசக்கியம்மாளுக்கு என்ன புரிந்ததோ, நீட்டிய செம்பை மெல்லத் தன் பக்கம் இழுத்துக்கொண்டாள்.

"கீழ வைக்காத," என்றார் அண்ணாச்சி. "அதோட ஆஸ்பத்திரிக்கு வா. டாக்டர் எப்பம் சொல்லுதாரோ, அப்பம் நீயே அவனுக்குக் குடு."

வண்டி வருகிற வரைக்கும் அண்ணாச்சி அந்தத் தலையை விடவில்லை.

கடற்கரை பிழைத்துக்கொண்டான். இரண்டு விலா எலும்பும் தோள்பட்டையும் முறிந்திருந்தன. மூன்றாம் நாள் டாக்டர் சரி என்றதும் இசக்கியம்மாள்தான் முதல் வாய்த் தண்ணீர் கொடுத்தாளாம்.

ஞாயிற்றுக்கிழமை சிஸ்டர் வந்தார். எல்லோரும் நடந்ததைச் சொல்லத் துடித்தோம். அவருக்கு ஏற்கெனவே தெரிந்திருந்தது. அண்ணாச்சி மட்டும் சந்தோசமாக இல்லை. மாப்பிள்ளை பக்கத்தில் சம்மணம் போட்டு உட்கார்ந்து அதே கேள்வியைக் கேட்டார்.

"சிஸ்டர், என் தம்பியை நான்தான் கொன்னுட்டேனா?"

இந்தத் தடவை சிஸ்டர் மாப்பிள்ளையைத் திருப்பச் சொல்லவில்லை. அவரும் தரையில், அண்ணாச்சிக்கு எதிரே உட்கார்ந்தார்.

"எனக்குத் தெரியல அண்ணாச்சி. தலையில பலமான அடி. தண்ணி குடுக்காட்டியும் போயிருக்கலாம். தண்ணியாலயும் போயிருக்கலாம். உங்களுக்கு ஆறுதலா இருக்கட்டும்னு நான் பொய் சொல்ல மாட்டேன்."

அண்ணாச்சி தலையாட்டினார்.

"நான் ஒண்ணு கேக்கட்டுமா?" என்றார் சிஸ்டர்.

"கேளுங்க."

"இசக்கியம்மா அத்தனை பேருக்கு முன்னாடி அப்படிக் கேட்டாங்களே, அவங்க மேல கோவம் வந்துச்சா?"

"அவ மேல எதுக்குக் கோவம்?"

"நீங்க தடுக்கலைன்னா அந்தத் தண்ணி கடற்கரை வாய்க்குள்ள போயிருக்கும். அவர் செத்துப்போயிருக்கலாம்."

"அவளுக்கு என்ன தெரியும், பாவம். ஒருத்தன் தவிக்கானேன்னு பதறி ஓடியாந்தா. அவளைப் போய் யாராவது குத்தம் சொல்லுவாங்களா, சிஸ்டர்?"

சிஸ்டர் சற்று முன்னால் நகர்ந்து உட்கார்ந்தார்.

"உங்க தம்பி விழுந்த அன்னைக்கு அந்தச் செம்பு உங்க கையில இருந்துச்சு. அவ்வளவுதான் அண்ணாச்சி."

அண்ணாச்சி மாப்பிள்ளையின் தோளில் கையை வைத்தார். வெகுநேரம் குனிந்தே உட்கார்ந்திருந்தார். நாங்களும் யாரும் எழுந்திருக்கவில்லை.