கோத்தகிரியைக் கீழே இழுத்த குழாய்

மேட்டுப்பாளையத்தில் சென்னியப்பன் ஒர்க்‌ஷாப்பை ஒட்டித்தான் என் பஞ்சர் கடை. பொய்யே சொல்லாத மனுஷன் என்று அவருக்கு நான் சாட்சி சொல்லமாட்டேன். கையில் ஸ்பேனர் இருக்கும்வரை அடக்கமாக இருப்பார். டீ கிளாஸ் வந்தால் போச்சு.

அன்றைக்கு மாட்டியவர் கிட்டுசாமி அண்ணன். மகள் ஏழு மாசக் கர்ப்பம். மறுநாள் காலை கட்டுச்சோறு எடுத்துக்கொண்டு கோத்தகிரியில் சம்பந்தி வீட்டுக்குப் போகவேண்டும். போன தடவை பாதி மலையில் கார் நின்றுபோய், சம்பந்தியே வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு வந்து தள்ளினார். அந்த மானக்கேடு இன்னொரு முறை வந்தால் அண்ணன் தாங்கமாட்டார்.

"நாளைக்கு ஏறுமா, ஏறாதா? அதை மட்டும் சொல்லு சென்னியப்பா."

"ஏறுமாவா? அண்ணா, கம்பெனில வெச்ச காத்துக் குழாய் முழங்கை நீளந்தானுங்க. மெதுவாப் போறப்ப எஞ்சினுக்கு மூச்சுப் பத்தல, அதான் புல்லிங் இல்ல. நான் நீளமா, ஒடுக்கமா ஒண்ணு மாட்டியிருக்கறனுங்க. போன வாரம் என்ற வண்டிக்கு இதே மாதிரி போட்டுப் பாத்தேன். கிளட்சை விட்டேன், வண்டி போயிருச்சு. நான் இங்கயே கெடக்கறேன்!"

"நீ இல்லாமயா போச்சு?"

"தொரத்திப் புடிச்சு ஏறிட்டனுங்க. நாலாவது கியர்லயே மலை ஏறுது! முன்னால ஒரு காய்கறி லாரி. நான் ஓவர்டேக்கே பண்ணலீங்க. குழாய் இழுத்த இழுப்புல லாரி தானா ரிவர்ஸ்ல வருது. டிரைவர் எட்டிப் பாத்து, 'சாமி, விட்ருங்க'ன்னு கும்புடறான்."

"அந்த டிரைவர் பேரென்ன?" என்றேன் நான்.

"போற வேகத்துல பேரா கேப்பாங்க? நீ பஞ்சரைப் பாரு." அண்ணன் பக்கம் திரும்பிக்கொண்டார். "வளைவுகூட இழுபட்டு நேராயிருச்சுங்க. எறங்கறப்ப எண்ணறேன், நாலு கொறையுது! மேல போனா ஒரே மூடுபனி. ஒரு உறிஞ்சல்தான், மொத்தப் பனியும் உள்ள போயிருச்சு. சைலன்சர் வழியா மழையாக் கொட்டுது. தேயிலைத் தோட்டத்துக்காரங்க மாலையோட ஓடியாறாங்க!"

எனக்குச் சிரிப்பில் டீ புரையேறிவிட்டது. அண்ணன் முகமோ மலர்ந்துகொண்டே போனது.

"அப்ப சம்பந்தி தள்ள வேண்டியதில்லை?"

"தள்றதா? ஆக்ஸிலேட்டரை ஒரு அழுத்து அழுத்துங்க. நீங்க இங்கயே இருக்கலாம், கோத்தகிரி எறங்கி வரும். உங்க சம்பந்தி அவரு வாசல்ல நின்னபடியே வந்து, 'வாங்க'ம்பாரு!"

அண்ணனுக்குச் சந்தோஷம் பிடிபடவில்லை. நல்லபடியாகக் கிளம்பவேண்டும் என்று நாலு சக்கரத்துக்கு முன்னாலும் எலுமிச்சம்பழம் வைத்தார். சூடம் காட்டினார். ஏறி உட்கார்ந்து, முதல் கியர் போட்டு, கிளட்சை விட்டார்.

வண்டி ஒரு உதறு உதறிப் பழத்தின்மேல் முட்டியது. முட்டிய கையோடு பின்னுக்கு வந்து அணைந்துபோனது. மறுபடி கிளப்பினார். மறுபடியும் அதே கதைதான். நாலு பழமும் வைத்தது வைத்தபடி இருந்தன.

சென்னியப்பன் குனிந்து ஒரு பழத்தை அமுக்கிப் பார்த்தார். "நாட்டுப் பழமுங்க அண்ணா. தோல் ரொம்பக் கெட்டி."

அண்ணன் இறங்கிக் கதவைச் சாத்திவிட்டு என்னிடம் கேட்டார்:

"கோத்தகிரிக்கு மொதல் பஸ் எத்தனை மணிக்கு?"